பின்பக்க வால்வு

"நம்பர் இல்லீங்க. ரெண்டுலயும் இல்ல," என்றாள் ஷோபனா. கைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, டார்ச் வெளிச்சத்தில் அந்தக் கண்ணாடிக் குழாயை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தாள். பழைய ரேடியோவுக்குள் எரியுமே, அந்த மாதிரி, சுண்டுவிரல் அளவு வால்வு. அடியில் ஒன்பது கம்பிக் கால்கள், உள்ளே சாம்பல் நிறத்தில் இரண்டு தகடுகள்.

"மேல எப்டி இருக்குது? வெள்ளி மாதிரி மின்னுதா, வெளுத்திருக்குதா?"

"சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்குதுங்க."

"அப்ப காத்து பூந்துடுச்சும்மா. செத்துப் போச்சு. வேறதான் போடணும்."

பாண்டிச்சேரியில் பழைய ரேடியோ சாமான் விற்கும் இராமச்சந்திரன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஷோபனா திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள். அவளுடைய மாமனார் கலியபெருமாள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ஐந்து நாளாக அவர் செய்கிற ஒரே வேலை அதுதான்.

வாதம் வந்து வலது பக்கம் விழுந்து, பேச்சு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று செஞ்சியில் எல்லோருக்கும் தெரியும். இன்றோ நாளையோ என்று ஒரகடத்திலிருந்து லீவு போட்டு வந்த அவள் புருஷன் வளவன், நான்கு நாள் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, கம்பெனியிலிருந்து போன்மேல் போன் வரவே நேற்றுத்தான் கிளம்பிப் போனான். சாவுக்குக் காத்திருக்க லீவு கொடுக்கிற கம்பெனி எங்கும் இல்லை. செத்த பிறகு கொடுப்பார்கள்.

கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் மேசைமேல் அந்தப் பெட்டி இருந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற கையோடு மாமா சொந்தமாகக் கட்டியது. ரெக்கார்டு ப்ளேயரின் முள் எடுக்கிற சத்தம் வெறும் கொசுச் சத்தம், அதை ஸ்பீக்கருக்கு எட்டுகிற அளவுக்குப் பெருக்கித் தருவது இந்தப் பெட்டிதான் என்று கல்யாணமாகி வந்த முதல் மாதமே அவளுக்கு விளக்கியிருக்கிறார். அலுமினியத் தட்டின்மேல் முன்னால் ஒரு வால்வு, பின்னால் ஒரு வால்வு. தீபாவளி சீரியல் லைட் மாதிரி ஒன்று போனால் இன்னொன்றும் எரியாது. இப்போது பின்னால் இருந்தது போய்விட்டது.

இதைப் பாட வைக்க வேண்டும் என்பது மாமியார் மங்கையின் உத்தரவு. நேற்று சாயங்காலம் பக்கத்து வீட்டு ஆண்டாள் வந்து கட்டில் ஓரம் நின்று, நெஞ்சு ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எதுலயோ ஆசை நிக்குது. அதான் இழுத்துகினு இருக்குது. நெலத்து மேல ஆசைன்னா மண்ணு கரைச்சு ஊத்துவாங்க. நகை மேலன்னா பொன்னு உரசி ஊத்துவாங்க. ஊத்துனா பொழுது சாயறதுக்குள்ள போயிடும்."

"இவருக்கு நெலமும் இல்ல பொன்னும் இல்ல," என்றாள் மங்கை. "அந்தக் கண்ணாடியதான் அரைச்சு ஊத்தணும்."

மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு நிற்பதற்குள் மங்கை அழ ஆரம்பித்தாள். அழுகையோடே மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த கிளாரினெட்டு ரெக்கார்ட போட்டு உட்ரு ஷோபனா. ஞாயித்துக்கெழம ஷேவிங் பண்ணிகினே கேப்பாரே, அது. கேட்டுட்டுப் போவட்டும். இந்த மூச்ச என்னால பாக்க முடியல," என்றாள். ரெக்கார்டைப் போட்டார்கள். தட்டு சுற்றியது, வால்வு எரியவில்லை. அதன் பிறகுதான் மாமாவின் பழைய டைரியில் இராமச்சந்திரனின் நம்பரைத் தேடி எடுத்தாள்.

"ரெக்கார்டு சத்தத்தைப் பெருக்குற பெட்டின்னா பெரும்பாலும் எண்பத்து மூணாம் நம்பர் வால்வுதாம்மா," என்றார் அவர். "ஆனா எண்பத்து மூணு இப்ப எங்கிட்ட இல்ல. அடுத்த வாரம்தான் வருது."

"அடுத்த வாரம் ஆகாதுங்க."

"கலியபெருமாள் சார் வீடுன்னு சொன்னீங்க இல்ல? அவரு நெறைய ஸ்பேர் வெச்சிருப்பாரே. எங்கிட்டயே வாங்கிருக்காரே."

"இருக்குதுங்க. அதுலயும் நம்பர் இல்ல."

"ஒண்ணுலகூடவா?"

"ஒண்ணுலகூட."

"அப்ப அது வெறும் கண்ணாடிதாம்மா. ஒம்போது கால் இருக்குதேன்னு எதையாவது எடுத்துக் குத்திடாதீங்க. வேற ஜாதி வால்வா இருந்துச்சுன்னா டிரான்ஸ்பார்மரே பொகைஞ்சிடும்."

அலமாரியின் மேல்தட்டில் அந்த ஸ்பேர் வால்வுகள் இருக்கிற பழைய பிஸ்கட் டப்பா இருந்தது. ஷோபனா அதை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான்கு மாதமாகவே பார்ப்பதில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள், மாமா சந்தைக்குப் போயிருந்தபோது, வீட்டிலிருந்த அரிவாள்மனை, தையல் மெஷின், ஸ்கூட்டி எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்தவள், மாமாவின் பெட்டியை மட்டும் விடலாமா என்று நினைத்தாள். பெட்டியிலிருந்த இரண்டையும் டப்பாவிலிருந்த ஒன்பதையும் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தாள். கண்ணாடியிலிருந்த தூசியும் போயிற்று, நம்பர் அச்சடித்திருந்த வெள்ளை எழுத்தும் போயிற்று. எழுத்து போனது அவளுக்கு அப்போது உறைக்கவே இல்லை. பழைய அழுக்கு என்று நினைத்தாள். பதினொன்றுக்கும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்து வரிசையாகத் தாம்பாளத்தில் அடுக்கினாள்.

மாமா வந்தார். தாம்பாளத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். "பளபளன்னு இருக்குது," என்றார். மறுநாள் படைத்த சுண்டலைச் சாப்பிட்டுவிட்டு நன்றாயிருக்கிறது என்றும் சொன்னார்.

ஒரு வாரம் கழித்து தொண்டூரிலிருந்து வந்த சிநேகிதர் ஒரு வால்வைக் கையில் எடுத்து, "இன்னாப்பா கலியன், எதுலயும் நம்பரே காணோம்?" என்று கேட்டார். காபி கொண்டுபோன ஷோபனா வாசற்படியிலேயே நின்றாள். "பழைய சரக்கு. எழுத்து தானா உதுந்துடுச்சு," என்றார் மாமா. அவளைப் பார்க்கவில்லை. கொடியில் காய்ந்துகொண்டிருந்த துடைக்கிற துணியைப் போய்ப் பிரித்துப் பார்த்தாள். நூலிடுக்கில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. மளிகைக் கடைக்காரனின் டப்பாக்களிலிருந்து பெயர்ச் சீட்டுகளை எல்லாம் கிழித்தெறிந்துவிட்டு, கடையைச் சுத்தம் செய்துவிட்டேன் என்று பெருமைப்பட்டதுபோல் ஆகிவிட்டது.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். அப்புறம் ஒரு பத்து நாள் மாமா சாயங்காலமானால் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, பூதக்கண்ணாடியும் மேசை விளக்குமாக உட்கார்ந்திருப்பார். போன எழுத்தைத்தான் தேடுகிறார் என்று நினைப்பாள். அந்த அறைப் பக்கம் போகாமல் கொல்லையில் பாத்திரம் துலக்குவாள். துலக்கினதையே துலக்குவாள். ஒருநாள்கூட அவர் யார் துடைத்தது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

"இப்ப இருக்கிறது ரெண்டு," என்றார் இராமச்சந்திரன். "எண்பத்தொண்ணு ஒண்ணு, எண்பத்து ரெண்டு ஒண்ணு. ரெண்டுமே அந்த சாக்கெட்டுல ஒக்காரும், ஒண்ணும் எரிஞ்சு போவாது. எண்பத்தொண்ணு போட்டா சத்தம் வரும், கூடவே இரையும். எண்பத்து ரெண்டு அமைதியான வால்வு. ஆனா சத்தம் கம்மிதான். எத அனுப்பட்டும்?"

"எது நல்லா இருக்கும்?"

"சாரைத்தான் கேக்கணும் அத."

ஷோபனா கட்டிலைப் பார்த்தாள். மாமாவின் கண் திறந்திருந்தது. டிவி சத்தமாக வைத்தால் எழுந்து போய்விடுகிற மனிதர். மிக்சி ஓடினால் வாசலுக்குப் போய் நிற்பார். அவருக்கு இரைச்சல் ஆகாது. இதற்குமேல் அவளுக்கு எதுவும் தெரியாது.

"எண்பத்து ரெண்டு அனுப்புங்க," என்றாள்.

"திருவண்ணாமல பஸ்ல கண்டக்டர்கிட்ட குடுத்துடுறேன். பன்னெண்டு பன்னெண்டரைக்கெல்லாம் செஞ்சி வந்துடும்."

போனை வைத்தபோது மாமாவின் இடது கை எழுந்தது. விரல்கள் சேராமல் ஆடியபடி அலமாரிப் பக்கம் நீண்டது. மங்கை ஓடிவந்து, "தண்ணி கேக்குறாரு," என்று ஸ்பூனை எடுத்தாள். தண்ணீர் கடைவாயில் வழிந்தது. கை இறங்கவில்லை. ஜன்னலா என்று ஜன்னலைத் திறந்தார்கள். மின்விசிறியா என்று நிறுத்தினார்கள். ஷோபனாவுக்கு மட்டும் தெரிந்தது. அந்தக் கை பிஸ்கட் டப்பாவைக் காட்டுகிறது. எழுத்தெல்லாம் போனதை மறந்துவிட்டார், பாவம், பழைய நினைப்பில் கேட்கிறார் என்று நினைத்தாள்.

பக்கத்தில் போய்க் குனிந்தாள். "அதுல ஒண்ணும் இல்ல மாமா. அதுல நம்பரெல்லாம்..." மாமா, நான்தான் துடைச்சேன். சொல்ல வேண்டியது மூன்றே வார்த்தை. அதற்குள் ஆண்டாள் பால் சொம்போடு உள்ளே வந்துவிட்டாள். "புதுசு வருது மாமா. பாண்டியிலேர்ந்து வருது. செத்த பொறுத்துக்கோங்க," என்று முடித்துக்கொண்டாள். அவர் அவளையே பார்த்தார். பிறகு கை தானாக இறங்கியது.

பன்னிரண்டு மணிக்கு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போனாள். வெயில் கோட்டை மலையின் பாறையில் பட்டுத் திரும்பி ஊர்மேல் அடித்தது. இரண்டு திருவண்ணாமலை பஸ்கள் வந்து போயின. இரண்டிலும் ஏறிக் கேட்டுவிட்டு இறங்கினாள். வேர்க்கடலை விற்கிறவள், "யாரும்மா வரணும்?" என்று கேட்டாள். பார்சல் என்றாள். வீட்டிலிருந்து மங்கை நான்கு முறை கூப்பிட்டுவிட்டாள். "மூச்சு மாறுது ஷோபனா, சீக்கிரம் வா," என்பாள். "எப்டி மாறுது அத்தை?" என்றால், "நீ வா மொதல்ல," என்று போனை வைத்துவிடுவாள். வளவனுக்கு அடித்தாள். கம்பெனியில் வேலையில் இருக்கிறான் போல, எடுக்கவில்லை. முறைத்துப் பார்த்தால் பஸ் வந்துவிடுமா. ஆனாலும் திண்டிவனம் ரோட்டையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றே முக்காலுக்கு வந்தது. கண்டக்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்துக் கொடுத்தார்.

"ஒடையற பொருளுன்னு சொன்னாரு. கூட்டத்துல எங்க வெக்கிறது? அதான் நெஞ்சு மேலயே வெச்சுகினு வந்தேன். இன்னாமா இது?"

"பாட்டு கேக்கறதுக்குண்ணா."

"சரி, சரி. கேளுங்க," என்று விசில் ஊதினார்.

வீட்டில் வாசலில் நான்கைந்து செருப்புகள் சேர்ந்திருந்தன. மாமாவின் மூச்சு இப்போது விட்டுவிட்டு வந்தது. ஒன்று வந்ததும் அடுத்தது வருமா என்று அறையே காத்திருந்தது. ஷோபனா கையைக்கூடக் கழுவாமல் மேசைக்குப் போனாள். வெளுத்த வால்வைப் பிடுங்கி வைத்துவிட்டு, புதியதின் ஒன்பது கால்களையும் துளைகளுக்கு நேராக வைத்து அழுத்தினாள். ஒரு கால் வளைந்தது. நகத்தால் நிமிர்த்தி மறுபடி அழுத்தினாள். சுவிட்சைப் போட்டதும் இரண்டு வால்வுகளுக்குள்ளும் செம்மண் நிறத்தில் கோடு பிடித்தது. "எரியுது," என்றாள் மங்கை, வந்திருந்தவர்களிடம், பிள்ளை பாஸாகிவிட்டான் என்று சொல்கிற குரலில்.

முள்ளை இறக்கினாள். கிளாரினெட் வந்தது. நான்கு தெரு தள்ளி ஏதோ ஒரு வீட்டில் வாசிப்பதுபோல் வந்தது. ஒலியளவைக் கடைசிவரை திருப்பினாள். அதற்குமேல் திருப்ப இடமில்லை. அறையிலிருந்தவர்கள் கழுத்தை நீட்டிக் கேட்டார்கள். வாசலில் ஒரு ஆட்டோ போனபோது பாட்டு முழுதாக மறைந்து, அது போன பிறகு திரும்பி வந்தது.

"இவ்ளோதானா?" என்றாள் மங்கை.

"இவ்ளோதான் அத்தை."

"நல்லா இருக்கிறவங்க காதுலயே உழல. அவருக்கு எப்டி உழும்?"

ஷோபனா ஸ்பீக்கர்களில் ஒன்றைத் தூக்கிக் கட்டிலின்மேல், மாமாவின் தலைமாட்டில் வைத்தாள். ஒயர் எட்டவில்லை. மேசையை இழுத்தாள். முள் ஒருமுறை துள்ளி, ஓரிடத்தில் விழுந்து தொடர்ந்தது. மாமாவின் கண் திறந்தது. கேட்கிறார் என்று ஆண்டாள் சொன்னாள். அவர் கேட்டாரோ என்னவோ, இடது கை மறுபடியும் எழுந்தது. இந்த முறை விரல்கள் சேர்ந்து, ஒரு விரல் மட்டும் நீண்டு, நேராக அலமாரியின் மேல்தட்டைக் காட்டியது. பிடிவாதமாகக் காட்டியது.

ஷோபனாவுக்கு அழுகை வெடித்துவிட்டது. "அதுல இல்ல மாமா," என்றாள். "அதுல இல்ல. சத்தியமா அதுல இல்ல." அந்தக் கையைப் பிடித்து இறக்கித் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். கை ஒருமுறை விடுவித்துக்கொள்ளப் பார்த்தது. பிறகு விட்டுவிட்டது. மங்கை பாலைத் தொட்டு உதட்டில் வைத்தாள். வைத்த பால் அப்படியே நின்றது.

யாரும் உடனே அழவில்லை. ரெக்கார்டு முடிந்து, முள் கடைசி வளையத்தில் டக், டக்கென்று இடித்துக்கொண்டிருந்தது. அது மட்டும் நன்றாகக் கேட்டது.

மறுநாள் பகல் பதினொரு மணிக்கு எல்லாம் தயாராகிவிட்டது. வளவன் மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக நின்றான். வாசலில் பறை அடித்து ஓய்ந்திருந்தார்கள். குழி வெட்டியாகிவிட்டது என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனது. குளிப்பாட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட்டு, நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். தூக்க வேண்டியதுதான் பாக்கி என்றபோது மங்கை எழுந்தாள்.

"இரு. அவருக்கு ஒண்ணு வெச்சு அனுப்பணும்."

"இன்னாம்மா வெக்கணும்? வெத்தல பாக்குல்லாம் வெச்சாச்சே," என்றான் வளவன்.

"அவரு என்னைக்கு வெத்தல போட்டாரு? ஷோபனா, அந்த டப்பாவுல இருந்து ஒண்ண எடுத்தா. பையில வெச்சு உடுவோம்."

"எது அத்தை?"

"எதுன்னா ஒண்ணு. உன்னைத் தவிர யாருக்குத் தெரியும் அதெல்லாம்?"

ஷோபனா உள்ளே போனாள். முக்காலியின்மேல் ஏறி டப்பாவை இறக்கினாள். மாதக்கணக்கான தூசி மூடிமேல் இருந்தது. மூடி இறுகியிருந்தது, ஸ்பூன் காம்பை விட்டு நெம்பினாள்.

உள்ளே பஞ்சுமேல் ஒன்பது வால்வுகளும் படுத்திருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் வெள்ளை நூலில் ஒரு காகிதச் சீட்டு கட்டியிருந்தது. எக்ஸ்சேஞ்சில் ஒயருக்கு ஒயர் சீட்டு கட்டிய கை. பால்பாயிண்ட் பேனாவில் பொடி எழுத்து. '82. சுமார்.' '81. இரையும்.' ஒன்றில், 'தெரியவில்லை. யாரும் போட வேண்டாம்.' அவள் ஒவ்வொரு சீட்டாகத் திருப்பினாள். ஆறாவதில் எழுதியிருந்தது: '83. நல்லது. பின்பக்கத்துக்கு.'

முக்காலியிலேயே உட்கார்ந்தாள். நேற்று விடுவித்துக்கொள்ளப் பார்த்த கையின் இழுப்பு இன்னும் அவள் உள்ளங்கையில் இருந்தது. மூடியின் உட்புறத்தில் மடித்து ஒட்டிய இன்னொரு காகிதத்தைப் பிறகுதான் கவனித்தாள்.

'ஷோபனாவுக்கு. அடுத்த வருஷம் பூஜைக்குப் பொட்டு மட்டும் வை. துடைக்காதே அம்மா.'

"கெடைச்சுதா?" என்று மங்கை கூடத்திலிருந்து குரல் கொடுத்தாள்.

"கெடைச்சுது அத்தை."

வெளியே வந்தாள். எல்லோரும் அவளுக்கு வழி விட்டார்கள். அவள் கையில் இருந்த அந்த எண்பத்து மூன்றை வளவன் எட்டிப் பார்த்தான். "இன்னா சீட்டு அது? பிச்சுடு," என்றான். அவள் பிய்க்கவில்லை. கண்ணாடியில் விரல் படாமல் அடியைப் பிடித்துக்கொண்டு, மாமாவின் தலைமாட்டிலிருந்த குங்குமத்தில் மோதிர விரலைத் தொட்டு, வால்வின் நடுவில் ஒரு பொட்டு வைத்தாள். வைத்துவிட்டு அவருடைய சட்டைப் பைக்குள், கால்கள் கீழே இருக்கும்படி மெதுவாக இறக்கினாள்.

"தூக்கலாமா?" என்று வாசலில் யாரோ கேட்டார்கள்.